மாடல் கிடைத்த பிறகுதான் வேலை

பயோடெக்னாலஜியோ பயோகெமிஸ்ட்ரியோ முடித்த மாணவர்கள் மதுரையில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: “பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் பக்கம் போனால் வேலை கிடைக்குமா?” கிடைக்கும். அதிலும், ஒரு புரதத்தின் அமினோ அமில வரிசையை மட்டும் வைத்துக்கொண்டு அதன் வடிவத்தையும் குணங்களையும் கணிக்கிற பிரிவுக்கு இது நல்ல காலம். பசுமலையில் வாடகை அறையில் சாதாரண லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கும் மாணவிக்கும் கேம்பிரிட்ஜ் ஆய்வாளருக்கும் இன்று கையில் இருக்கும் கருவிகள் பெரும்பாலும் ஒன்றுதான். இணையம் இருந்தால் போதும், காசு வேண்டாம்.

கருவி எல்லோருக்கும் கிடைத்துவிட்டதால், அதை ஓட்டத் தெரிவது மட்டும் இனித் தகுதியாகாது. பயோடேட்டாவில் வடிவம் கணிக்கும் கருவியான “ஆல்ஃபாஃபோல்டு தெரியும்” என்று எழுதுவதும் “கூகுளில் தேடத் தெரியும்” என்று எழுதுவதும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டது. கணினி கொடுத்த விடையில் எந்தப் பகுதியை நம்பலாம், எதை நம்பக்கூடாது, அடுத்து ஆய்வகத்தில் எந்தச் சோதனை செய்ய வேண்டும் என்று சொல்லத் தெரிந்தவருக்குத்தான் சம்பளம். இந்தக் கட்டுரை முழுக்க அதைப் பற்றியதுதான்.

நிலைமை எப்படி மாறியது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். புரதம் 20 வகை அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. பெரும்பாலும் அது மடிந்து ஒரு வடிவம் எடுத்தால்தான் வேலை செய்யும். அந்த வடிவத்துக்கான தகவல் வரிசைக்குள்ளேயே இருக்கிறது என்று காட்டிய கிறிஸ்டியன் ஆன்ஃபின்சனுக்கு 1972-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் வரிசையைப் பார்த்து வடிவத்தைச் சொல்வது அரை நூற்றாண்டுக் காலம் பிடிகொடுக்கவில்லை. இதற்காகவே 1994 முதல் காஸ்ப் என்ற உலகப் போட்டி நடந்துவருகிறது. 2020-இல் நடந்த 14-ஆம் சுற்றில் டீப்மைண்ட் நிறுவனத்தின் ஆல்ஃபாஃபோல்டு 2 மற்ற எல்லாரையும் வெகுதூரம் பின்தள்ளியது. 2022 ஜூலைக்குள் 20 கோடிக்கும் மேற்பட்ட புரதங்களின் கணித்த வடிவங்கள் இலவசத் தரவுத்தளத்தில் ஏறிவிட்டன. 2024 வேதியியல் நோபலில் பாதி டேவிட் பேக்கருக்கும், மறு பாதி ஆல்ஃபாஃபோல்டை உருவாக்கிய டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் இருவருக்கும் போனது.

நோபல் செய்தியைப் படித்துவிட்டு இது ஏதோ வெளிநாட்டுச் சரக்கு என்று நினைத்து ஒதுங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என்.ராமச்சந்திரன், சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரன் மூவரும், புரதச் சங்கிலியின் முதுகெலும்பு எந்தக் கோணங்களில் திரும்பலாம், எந்தக் கோணங்களில் திரும்பினால் அணுக்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் என்று கணக்கிட்டு வரைபடமாக்கினார்கள். இன்றும் உலகப் புரத வடிவக் களஞ்சியமான பி.டி.பி.க்கு ஒரு வடிவம் வந்தால், அதன் தர அறிக்கையில் ராமச்சந்திரன் வரைபடச் சோதனை இருக்கும். 1978-இல் பி.மணவாளன், பி.கே.பொன்னுசாமி இருவரும் அமினோ அமிலங்களின் நீர்வெறுப்புக் குணம் பற்றி நேச்சர் இதழில் எழுதினார்கள். சுவிட்சர்லாந்தின் எக்ஸ்பேசி தளத்தில் புரோட்ஸ்கேல் கருவியைத் திறந்தால், தேர்ந்தெடுக்கக் கிடைக்கும் அளவுகோல்களில் மணவாளன் பெயரில் ஒன்று இப்போதும் நிற்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் பழைய கைதான். மத்திய அரசின் உயிரித்தொழில்நுட்பத் துறை 1986-இல் உருவாகி நாடு முழுக்க உயிரியல் தகவல் மையங்களை அமைக்கத் தொடங்கியபோது, முதல் வரிசையில் இடம்பெற்ற பல்கலைக்கழகங்களில் இதுவும் ஒன்று.

இனி வேலைக்கு வருவோம்.

புதிதாகச் சேர்கிறவருக்கு முதல் மாதத்தில் வரக்கூடிய கேள்வி வடிவத்தைப் பற்றியதாக இருக்காது. “இந்தப் புரதத்துக்கு பி.ஐ. எவ்வளவு, எக்ஸ்டிங்ஷன் கோஎஃபிஷியன்ட் எவ்வளவு?” என்று வெட் லேபில் இருக்கும் அக்கா கேட்பார். எக்ஸ்பேசியின் புரோட்பாரம் பக்கத்தில் வரிசையை ஒட்டினால் சில நொடிகளில் எண்கள் வந்துவிடும். அவரோ அந்த எண்களை வைத்துத்தான் பஃபரின் பி.எச்.சைத் தீர்மானிப்பார், 280 நானோமீட்டரில் ஒளியளந்து புரதத்தின் செறிவைக் கணக்கிடுவார். நீங்கள் தவறான வரிசையை ஒட்டியிருந்தால் அவருடைய வாரம் முழுக்க வீண்.

தவறு எங்கே நேரும்? புரத வரிசைத் தளமான யூனிப்ராட்டிலிருந்து எடுக்கும் முழு வரிசையில் பல புரதங்களுக்கு முன்னால் ஒரு சிக்னல் பெப்டைடு ஒட்டிக்கொண்டிருக்கும். செல்லைவிட்டு வெளியேறும் வழியில் அது வெட்டப்பட்டுவிடும். முதிர்ந்த புரதத்தில் அது கிடையாது. சிக்னல்-பி கருவியில் போட்டுப் பார்த்து, வெட்டுமிடம் தெரிந்த பிறகு மிச்சத்துக்குத்தான் கணக்குப் போட வேண்டும். ஆய்வகத்தில் சுத்திகரிப்புக்காக ஹிஸ் டேக் சேர்த்திருந்தால், அதையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். புரோட்பாரம் இதையெல்லாம் உங்களிடம் கேட்காது. கொடுத்ததை எண்ணிக் கூட்டித் தரும், அவ்வளவுதான்.

அதே பக்கத்தில் இன்ஸ்டபிலிட்டி இன்டெக்ஸ் என்று ஓர் எண் வரும். 40-க்கு மேல் போனால் நிலையற்ற புரதம் என்று எழுதியிருக்கும். ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வு நிறுவனத்தில் குருபிரசாத், ரெட்டி, பண்டிட் மூவரும் 1990-இல் வெளியிட்ட முறை இது. 12 நிலையற்ற புரதங்களையும் 32 நிலையான புரதங்களையும் ஒப்பிட்டு, அடுத்தடுத்து வரும் அமினோ அமில இணைகளுக்கு மதிப்பெண் கொடுத்தார்கள். அந்தக் காலத்துத் தரவில் அது நல்ல வேலை. ஆனால் 44 புரதங்களிலிருந்து பிறந்த ஓர் எண்ணை வைத்து, 41 வந்த புரதம் கெட்டது, 39 வந்தது நல்லது என்று தீர்ப்பு எழுதக்கூடாது. மாணவர்களின் ஆய்வறிக்கைகளில் இந்தத் தீர்ப்பு அப்படியே ஏறிவிடுகிறது. நேர்காணலில் இந்த ஒரு விஷயத்தை நீங்களாக எடுத்துச் சொன்னாலே, எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

வடிவக் கணிப்பைப் புரிந்துகொள்ள, மதுரைக்கு நெருக்கமான ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். கண் மருத்துவத்தில் பெயர்பெற்ற ஊர் இது. 1976-இல் டாக்டர் ஜி.வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்குத் தனி ஆராய்ச்சி நிறுவனமும் அதற்குள் பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் பிரிவும் உண்டு. ஆகவே கண்ணைச் சேர்ந்த புரதமான மயோசிலினையே பார்க்கலாம். கிளாகோமா எனப்படும் கண் அழுத்த நோயின் சில பரம்பரை வகைகளுக்கு இந்தப் புரதத்தில் வரும் திடீர்மாற்றங்கள் காரணம். மாற்றம் ஏற்பட்ட புரதம் சரியாக மடியாமல், வெளியேற முடியாமல் செல்லுக்குள்ளேயே தேங்கிவிடுகிறது.

யூனிப்ராட்டில் இதன் எண் க்யூ 99972. மொத்தம் 504 அமினோ அமிலங்கள். முதல் 32 சிக்னல் பெப்டைடு. அதற்குப் பின் சுருள் சுருளாகப் பின்னிக்கொள்ளும் ஒரு பகுதி. சுமார் 245-ஆம் இடத்திலிருந்து கடைசிவரை ஓல்ஃபாக்டோமெடின் என்ற பகுதி, ஐந்து அலகு கொண்ட காற்றாடி போன்ற வடிவம்.

இந்த எண்ணை ஆல்ஃபாஃபோல்டு தரவுத்தளத்தில் போட்டால் வண்ணப்படம் வரும். அந்த வண்ணம் அழகுக்காகப் போட்டதில்லை. ஒவ்வொரு அமினோ அமிலத்துக்கும் 0 முதல் 100 வரை பி.எல்.டி.டி.டி. என்ற நம்பிக்கை மதிப்பெண் உண்டு. 90-க்கு மேல் அடர்நீலம், 70 முதல் 90 வரை இளநீலம், 50 முதல் 70 வரை மஞ்சள், 50-க்குக் கீழே ஆரஞ்சு. மயோசிலினின் பின்பாதி நீலமாக நிற்கும். முன்பாதியில் நம்பிக்கை ஏறி இறங்கும். ஆரஞ்சு வந்த இடத்தைக் கணினி தோற்ற இடம் என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பல நேரம் அந்தப் பகுதிக்கு நிலையான வடிவமே கிடையாது, அது தளர்ந்து ஆடிக்கொண்டிருக்கும். அதுவும் ஒரு தகவல்தான். எந்த இடத்தில் வெட்டி, எந்தத் துண்டை மட்டும் பாக்டீரியாவில் தயாரிக்கலாம் என்று குளோனிங் செய்பவர் கேட்கும்போது, நீலம் முடிந்து ஆரஞ்சு தொடங்கும் எல்லைதான் முதல் துப்பு. இந்தக் கோப்பை வடிவம் பார்க்கும் மென்பொருள்களான பைமாலிலோ கைமெரா எக்ஸிலோ திறக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: வழக்கமாக பி-ஃபேக்டர் இருக்கும் பத்தியில் இந்த நம்பிக்கை மதிப்பெண்தான் எழுதப்பட்டிருக்கும். சோதனையில் கிடைத்த வடிவத்தில் பி-ஃபேக்டர் கூடினால் தெளிவு குறைவு என்று பொருள், இங்கே எண் கூடினால் நம்பிக்கை கூடுகிறது. இரண்டையும் குழப்பிக்கொண்டால் விளக்கம் தலைகீழாகிவிடும்.

அடுத்து பி.ஏ.இ. என்ற பச்சைச் சதுரம். பலர் இதைக் கண்டுகொள்வதே இல்லை. ஒரு பகுதி தனியாகச் சரியாக இருக்கலாம், இன்னொரு பகுதியும் தனியாகச் சரியாக இருக்கலாம், ஆனால் இரண்டும் ஒன்றுக்கொன்று எந்தத் தூரத்தில், எந்தத் திசையில் நிற்கின்றன என்பது தெரியாமல் இருக்கலாம். அந்த ஐயத்தை அளப்பது பி.ஏ.இ. அடர்பச்சை என்றால் இருப்பிடம் உறுதி, வெளிறினால் உறுதி இல்லை. படத்தில் மயோசிலினின் தலையும் வாலும் ஏதோ ஒரு கோணத்தில் நிற்பதைப் பார்த்துவிட்டு, இரண்டும் இப்படித்தான் பேசிக்கொள்கின்றன என்று கதை எழுதும் முன் இந்தச் சதுரத்தைப் பாருங்கள்.

படத்தில் இல்லாதவையும் உண்டு. மயோசிலின் நான்கு சங்கிலிகள் சேர்ந்து இயங்கும் புரதம். தரவுத்தளம் காட்டுவதோ ஒற்றைச் சங்கிலி. காற்றாடிப் பகுதியின் நடுவே ஒரு கால்சியம் அயனி உட்கார்ந்திருக்கும். படத்தில் அந்த இடம் காலி. இதையெல்லாம் எங்கிருந்து தெரிந்துகொள்வது? பி.டி.பி.யிலிருந்து. காற்றாடிப் பகுதியின் படிக வடிவத்தைச் சோதனை மூலமே கண்டு 2015-இல் வெளியிட்டுவிட்டார்கள். எனவே எந்தப் புரதமானாலும் கணிப்புக்குப் போகும் முன் பி.டி.பி.யில் தேடுவது முதல் கடமை. சோதனையில் கிடைத்த வடிவம் கையில் இருக்க, கணித்த வடிவத்தை வைத்து ஆறு மாதம் ஓட்டுவது நேர விரயம்.

இப்போது எல்லோரும் சறுக்கும் இடம். மயோசிலினில் 370-ஆம் இடத்துப் புரோலின் லூசினாக மாறினால் சிறுவயதிலேயே கடுமையான கிளாகோமா வரும் என்பது மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த செய்தி. சரி, இயல்பான வரிசையையும் மாறிய வரிசையையும் ஆல்ஃபாஃபோல்டை இணையத்தில் ஓட்ட உதவும் கோலாப்ஃபோல்டில் ஓட்டி ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்கலாமே என்று தோன்றும். பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே வர வாய்ப்பு அதிகம். “வடிவம் மாறவில்லை, ஆகவே இந்த மாற்றத்தால் தீங்கில்லை” என்று யாராவது எழுதினால், நோயாளிக்கு எதிரான பிழை அது. ஒரே ஓர் எழுத்து மாறினால் புரதத்தின் நிலைத்தன்மை எவ்வளவு குறையும் என்று சொல்வதற்காக ஆல்ஃபாஃபோல்டு பயிற்றுவிக்கப்படவில்லை. மடிந்தால் எப்படி இருக்கும் என்று அது சொல்கிறது, மடியுமா என்று சொல்வதில்லை. மாற்றங்களின் விளைவைக் கணிக்கத் தனிக் கருவிகள் உண்டு. 2023-இல் வந்த ஆல்ஃபாமிசென்ஸ் அவற்றில் ஒன்று. புரதங்களும் அவற்றின் மாற்றங்களும் எந்த வெப்பநிலை வரை தாங்கின என்று ஆய்வகங்கள் அளந்த எண்களைத் திரட்டி வைத்திருப்பது புரோதெர்ம் தரவுத்தளம். அதை உருவாக்கியவர்களில் ஒருவரான எம்.மைக்கேல் குரோமிகா சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர். அதன் புதிய பதிப்பு சென்னையிலிருந்துதான் வருகிறது.

ராமச்சந்திரன் வரைபடத்தையும் இதே கவனத்தோடு கையாள வேண்டும். “92 விழுக்காடு அமினோ அமிலங்கள் அனுமதிக்கப்பட்ட பகுதியில் உள்ளன, எனவே மாடல் சரியானது” என்பது அறிக்கைகளில் வழக்கமான வரி. முதுகெலும்புக் கோணங்கள் ஒழுங்காக இருக்கின்றன என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. மொத்த மடிப்பே தவறாக இருக்கும் மாடலுக்கும் கோணங்கள் சுத்தமாக அமையலாம். வரைபடத்தில் வெளியே விழுந்த புள்ளிகளை ஒவ்வொன்றாகச் சொடுக்கி, அது கிளைசினா, வளைவில் இருக்கிறதா, செயல்மையத்துக்கு அருகில் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அந்த வரைபடத்துக்குச் செய்யும் மரியாதை.

அலுவலகத்தில் யாரும் சொல்லித்தராத சில விஷயங்களையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நிறுவனத்தின் ரகசிய வரிசையைப் பொதுத் தளம் எதிலும் ஒட்டாதீர்கள். காப்புரிமைக்குக் காத்திருக்கும் ஓர் ஆன்டிபாடியின் வரிசையை வெளிச் சர்வருக்கு அனுப்பினால், நல்லெண்ணத்தில் செய்திருந்தாலும் ஒப்பந்த மீறல்தான். உரிமத்தைப் படியுங்கள். ஆல்ஃபாஃபோல்டு 2-உம் அதன் தரவுத்தளமும் வணிகப் பயன்பாட்டுக்கும் திறந்தவை. ஆல்ஃபாஃபோல்டு 3-இன் இலவசச் சர்வர் வணிகமல்லாத ஆய்வுக்கு மட்டும். கல்லூரியில் பழகிய கைப்பழக்கத்தில் கம்பெனி வேலைக்கும் அதையே பயன்படுத்தினால் சட்டப் பிரிவிலிருந்து அழைப்பு வரும். போல்ட்ஸ் போன்ற திறந்த உரிமக் கருவிகளைத் தெரிந்துவைத்திருப்பதன் அருமை அப்போது புரியும். எந்தக் கருவி, எந்தப் பதிப்பு, எந்தத் தேதியில் ஓட்டியது என்று குறித்து வையுங்கள். தரவுத்தளம் புதுப்பிக்கப்படும்போது விடை மாறும். மேலாளருக்கோ வெட் லேபுக்கோ அனுப்பும் குறிப்பு அரைப் பக்கத்தைத் தாண்ட வேண்டாம். என்ன தெரிந்தது, எவ்வளவு உறுதி, அடுத்த சோதனை எது: இந்த மூன்றும் இருந்தால் போதும். வண்ணப்படம் ஒட்டிய 40 ஸ்லைடை யாரும் படிப்பதில்லை.

இனி படிப்பு, நுழைவு விவரங்கள். மதுரையிலிருந்தபடியே அடித்தளத்தை முழுதாகப் போட முடியும். குரோமிகாவின் “பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ்: அல்காரிதம்ஸ் அண்ட் அப்ளிகேஷன்ஸ்” பாடம் என்.பி.டி.இ.எல்.லில் இலவசம். சான்றிதழ் வேண்டும் என்றால் மட்டும் தேர்வுக் கட்டணம். பைதானும் லினக்ஸ் கட்டளைகளும் கட்டாயம். ஆயிரம் வரிசைகளைக் கையால் ஒட்டிக்கொண்டிருக்க முடியாது, சிறு நிரல் எழுதி ஓட்டத் தெரிய வேண்டும். சொந்தமாக ஜி.பி.யு. வாங்க வேண்டியதில்லை, கூகுள் கோலாப் தரும் இலவச நேரத்தில் 400, 500 நீளப் புரதங்களை ஓட்டிவிடலாம். உயிர்வேதியியலை மட்டும் கைவிட்டுவிடாதீர்கள். நிரல் மட்டும் தெரிந்தவர்கள் பெங்களூரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஹிஸ்டிடின் எந்த பி.எச்.சில் மின்னூட்டம் ஏற்கும் என்று தெரிந்து நிரலும் எழுதுகிறவர்கள் குறைவு, அந்த இடம்தான் உங்களுடையது.

எம்.எஸ்சி. பயோடெக்னாலஜிக்கு மதுரை காமராசர் பல்கலைக்கழகம் ஜி.ஏ.டி.-பி தேர்வு வழியாக மாணவர்களை எடுக்கிறது. காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தில் பயோஇன்ஃபர்மேட்டிக்ஸுக்கே தனித்துறை இருக்கிறது. எம்.எஸ்சி.க்குப் பிறகு ஆய்வுக்குப் போக சி.எஸ்.ஐ.ஆர். நெட், உயிரித்தொழில்நுட்பத் துறையின் பெட் தேர்வு இரண்டும் முக்கிய வாசல்கள். ஜே.ஆர்.எஃப். தொகை 2023 ஜனவரி முதல் மாதம் ரூ. 37,000, வீட்டு வாடகைப்படி தனி. படிக்கும்போதே ஒரு நல்ல ஆய்வகத்தைப் பார்த்துவர, நாட்டின் 3 அறிவியல் அகாதெமிகள் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள். அறிவிப்பு முந்தைய ஆண்டின் பிற்பகுதியிலேயே வந்துவிடும், மார்ச்சில் தேடினால் கிடைக்காது. தனியார் பக்கம் பெங்களூரில் சின்ஜீன், ஆரிஜீன் போன்ற மருந்தாய்வு நிறுவனங்களும், மெட்ஜீனோம், ஸ்ட்ராண்ட் போன்ற மரபணுப் பரிசோதனை நிறுவனங்களும் இத்தகைய திறமைகளைப் பயன்படுத்துகின்றன. மரபணு அறிக்கை எழுதும் இடங்களில் மேலே சொன்ன மயோசிலின் கேள்வி தினசரி வேலை.

நேர்காணலுக்குப் போகும்போது சான்றிதழ்க் கட்டைவிட ஒரே ஒரு புரதத்தைப் பற்றிய மூன்று பக்கக் குறிப்பு அதிகம் பேசும். ஒரு புரதத்தைத் தேர்ந்தெடுத்து, யூனிப்ராட், பி.டி.பி., இன்டர்ப்ரோ எல்லாவற்றிலும் தேடி, கணித்த வடிவத்தைச் சோதனை வடிவத்தோடு வைத்து, எங்கே ஒத்துப்போகிறது, எங்கே விலகுகிறது, ஏன் விலகுகிறது என்று எழுதுங்கள். விலகிய இடத்தைப் பற்றி நீங்கள் எழுதும் பத்திதான் வேலை வாங்கித் தரும்.

கடைசியாக, இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கு வழிகாட்டும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு மூலிகையின் ஜி.சி.எம்.எஸ். பட்டியலிலிருந்து சில சேர்மங்களை எடுத்து, ஏதோ ஒரு புற்றுநோய்ப் புரதத்தில் டாக்கிங் செய்து, எதிர்மறை எண் வந்ததும் “மருந்தாகும் வாய்ப்பு உண்டு” என்று முடிக்கும் அறிக்கைகள் போதும். அந்தப் புரதத்தில் சேர்மம் பொருந்தும் குழி நீலமா ஆரஞ்சா என்றுகூட அதில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அதற்குப் பதிலாக, வடிவம் ஏற்கெனவே தெரிந்த ஒரு புரதத்தைக் கொடுத்து, கணிப்பு எங்கே தவறுகிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஆய்வகம் தேவையில்லை, ரசாயனம் வாங்கும் செலவு இல்லை, கல்லூரியின் பழைய கணினிகளே போதும். இந்த ஆண்டு ஒரு குழுவுக்காவது அந்த வாய்ப்பைக் கொடுங்கள்.